பெரிய சர்வர் வாங்கினால் பில் வேகமாக வருமா?



ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரங்களில் மொத்த வியாபாரமும் பெரிய மளிகைக் கடையும் நடத்தும் நம் உறுப்பினர்கள் பலர் அண்மைக் காலமாக நம்மிடம் ஒரு கேள்வி கேட்டு வருகிறார்கள். "சாயங்காலம் கூட்ட நேரத்தில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடுகிறது. பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து 16 கோர், 32 கோர் என்று சர்வருக்கு விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?" என்பதே அக்கேள்வி. சொல்லப்படும் விலையோ லட்சங்களில் இருக்கிறது. ஒரு மூட்டை சர்க்கரையில் நமக்கு நிற்பது எவ்வளவு என்பது இவ்விதழைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கில் ஒரு சர்வரின் விலையை எடுக்க எத்தனை லாரி சர்க்கரை இறங்கி ஏற வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்குப் பதிலை விற்க வந்தவரிடம் மட்டும் கேட்டுவிட்டு இருக்க முடியாது.

நாம் பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவர்கள். கம்ப்யூட்டர் சாஸ்திரம் பயின்றவர்கள் அல்ல. ஆனால் எந்தச் சரக்கையும் தராசில் வைத்துப் பார்க்காமல் வாங்கிய பழக்கம் நமக்கு இல்லை. ஆகவே, தெரிந்தவர்களைக் கேட்டும், கடைகளில் நேரில் உட்கார்ந்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நம் எல்லைப் பகுதியின் நிலைமையைச் சொல்ல வேண்டும். சேலத்திலோ மதுரையிலோ உள்ள கடைக்காரரைவிட ஓசூர்க் கடைக்காரரின் கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம். காலையில் வரும் வாடிக்கையாளர் சூளகிரிக்காரர்; அவருடைய ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும். அடுத்து வருபவர் அத்திப்பள்ளிக்காரர். அவர் எண் 29 என்று தொடங்கும். முன்னவருக்கு மத்திய, மாநில வரி என இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். பின்னவருக்கு ஒருங்கிணைந்த வரி. கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர் தூரம் 80,000 ரூபாய்ச் சரக்கு அனுப்பினால் இ-வே பில் தேவையில்லை; தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை 2018-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி விலக்கு உண்டு. அதே சரக்கு பத்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள அத்திப்பள்ளிக்குப் போனால், 50,000 ரூபாயைத் தாண்டியவுடன் இ-வே பில் கட்டாயம். இதோடு சிப்காட் தொழிற்சாலைகளில் சம்பளம் போடும் மாத முதல் வாரக் கூட்டம், தீபாவளிக் கூட்டம் போதாதென்று யுகாதிக் கூட்டம் வேறு!

ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. வரிசை ஒழிந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் வரிசை ஒழியவில்லை. சாலையிலிருந்து கம்ப்யூட்டருக்குள் இடம் மாறிக்கொண்டது. 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி நாடு முழுவதும் இ-வே பில் கட்டாயம் என்று அறிவித்தார்கள். கர்நாடகம் 2017 செப்டம்பரிலேயே அதை நடைமுறைப்படுத்திப் பார்த்திருந்தது. தேசியத் தகவல் மையத்தார் உருவாக்கிய முறை அது. அப்படியிருந்தும், எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் நுழைந்தவுடன் இணையதளம் திணறி நின்றது. அன்றைய தினமே கட்டாயத்தைத் தள்ளி வைத்தார்கள். பின்பு ஏப்ரல் 1-இல் மாநிலங்களுக்கிடையேயான சரக்குக்கு முதலில் கட்டாயமாக்கி, உள்மாநிலச் சரக்குக்குப் படிப்படியாக, ஒவ்வொரு தொகுதி மாநிலங்களாகச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்கு முறை வந்தது ஜூன் 2-இல். அதன் பிறகு அது ஓடிற்று. எல்லோரையும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் விடாமல் வரிசையை ஒழுங்கு செய்ததை நாம் இங்கே கவனிக்க வேண்டும். நம் கடை சர்வரின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

கோர் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் என்னும் சிப்புக்குள், தனித்தனியே வேலை செய்யக்கூடிய பல சிறு மூளைகளை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு கோர். ஒரு காலத்தில் ஒரு சிப்புக்கு ஒரே மூளைதான். வருடா வருடம் அதன் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே வந்தார்கள். 2004-ஆம் ஆண்டு வாக்கில் 4 கிகா ஹெர்ட்ஸை நெருங்கும்போது சூடு தாங்கவில்லை. வேகத்தைக் கூட்ட வழியில்லாமல் எண்ணிக்கையைக் கூட்டத் தொடங்கினார்கள். ஐ.பி.எம். நிறுவனம் 2001-லேயே இரண்டு கோர் உள்ள சிப்பைக் கொண்டுவந்துவிட்டது. 2005-இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் மேஜைக் கம்ப்யூட்டருக்கே அதைக் கொண்டுவந்தன. இன்று 32 கோர், 64 கோர் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

அதாவது, ஒரு பலசாலி மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது 32 பேர் நிற்கிறார்கள். 32 மூட்டை இருந்தால் நல்லதுதான். ஒரே மூட்டை இருந்தால் 32 பேர் சேர்ந்து தூக்கினாலும் அது சீக்கிரம் லாரிக்குப் போகாது. கோர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றின் வேகமும் சற்றுக் குறைவாகவே இருப்பது வழக்கம் என்பதையும் விற்பவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நம் கடைக் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு ஆர்டரைத் தயார் செய்ய மொத்தம் 10 நிமிஷ வேலை என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 நிமிஷம் எடை போடும் வேலை. கடையில் தராசு ஒன்றே ஒன்று. மீதி 6 நிமிஷம் பொட்டலம் கட்டுவது. அதை எத்தனை பேர் வேண்டுமானாலும் பங்கிட்டுக்கொள்ளலாம். 4 பேர் வைத்தால் 4 நிமிஷமும் ஒன்றரை நிமிஷமும் சேர்ந்து ஐந்தரை நிமிஷத்தில் முடியும். 8 பேர் என்றால் நாலே முக்கால். 16 பேர் என்றால் 4 நிமிஷம் 22 விநாடி. நூறு பேரை நிறுத்தினாலும் 4 நிமிஷத்துக்குக் கீழே இறங்காது! ஆட்கள் நான்கிலிருந்து பதினாறாகக் கூடியும் மிச்சமானது ஒரு நிமிஷத்துச் சொச்சம்தான். ஒரு மணி நேரத்துக்கு 15 ஆர்டருக்கு மேல் அந்தத் தராசு கொடுக்காது. அமெரிக்காவில் ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1967-ஆம் ஆண்டிலேயே இந்த உண்மையைச் சொல்லிவைத்தார். அவர் பெயராலேயே இதை ஆம்டால் விதி என்கிறார்கள். நம் தாத்தாக்களுக்குப் பெயர் தெரியாமலே தெரிந்த விதிதான்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கோர்?" என்பதன்று. "நம் பில்லிங்கில் தராசு எங்கே இருக்கிறது?" என்பதே.

பில் எண் என்னும் வாசல்

நாம் பார்த்தவரை முதல் தராசு பில் எண். ஆறு கவுண்டரில் ஆறு பேர் உட்கார்ந்து பில் போட்டாலும், 4501-க்கு அடுத்து 4502, அதற்கடுத்து 4503 என்று ஒரே வரிசையில்தான் எண் கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒரே எண் போய்விடக் கூடாது. நடுவில் விடுபடவும் கூடாது. ஆகவே ஒரு கவுண்டர் எண் எடுக்கும்போது டேட்டாபேஸ் என்கிற தரவுத்தளம் அந்த எண் பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறது. அது வேலையை முடித்துத் திறக்கும் வரை மற்ற ஐந்தும் நிற்க வேண்டும். இந்த இடத்தில் 32 கோர் இருந்தால் என்ன, 64 இருந்தால் என்ன?

இது நம் ஊர் மளிகைக் கடைச் சங்கதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1000 கோர் உள்ள ஒரு கம்ப்யூட்டரைப் பாவனையாகச் செய்து, அதில் தரவுத்தளம் எப்படி ஓடும் என்று சோதித்தார்கள். பூட்டும் வரிசையும் கையாள இருக்கும் ஏழு முறைகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஏழில் ஒன்றுகூட அத்தனை கோர்களுக்கும் ஈடுகொடுத்து ஓடவில்லை. சில முறைகள் பூட்டுக்குக் காத்திருந்தே நின்றன. வேறு சில, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வரிசை எண் கொடுக்கும் அந்த ஒற்றை எண் பெட்டியில் போய் முட்டிக்கொண்டன. ஆயிரம் கோருக்கும் நம் ஆறு கவுண்டருக்கும் ஒரே வியாதி! அந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவரான சீனிவாஸ் தேவதாஸ் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதில் நமக்கு ஒரு சந்தோஷம். இன்னொருவரான மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், இன்று பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைத் தொடங்கிவைத்தவர்.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதி 46, பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல் தொடர் எண்ணாக, அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும் என்கிறது. அதே விதி, ஒரு தொடராகவோ பல தொடர்களாகவோ வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஆகவே முதல் கவுண்டருக்கு ஏ, இரண்டாம் கவுண்டருக்கு பி என்று ஆறு தொடர் வைத்துக்கொண்டால் ஆறு வாசல் திறந்துவிடும். ஒருவர் எண் எடுக்க மற்றவர் நிற்க வேண்டியதில்லை. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1-இல் மாற்றிக்கொள்வது வசதி.

இரண்டாவது தராசு சரக்கு இருப்பு. சர்க்கரை, துவரம் பருப்பு, சமையல் எண்ணெய் ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லா பில்லிலும் வரும். ஆறு கவுண்டரும் அதே சர்க்கரை இருப்பைத்தான் குறைக்க வேண்டும். ஒருவர் குறைக்கும் வரை மற்றவர் அந்த வரியைத் தொட முடியாது. ரயில் டிக்கெட்டில் நாம் தினமும் பார்ப்பதே இது. 2014 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி.யின் புதிய முறை வந்தபோது, நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் தட்கல் நேரத்தில் ஒரு படுக்கைக்கு நூறு பேர் கை நீட்டினால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். யாருக்கு என்பதை ஒரு பூட்டு தீர்மானித்தே ஆக வேண்டும்.

பூட்டு இருப்பது தவறன்று. பூட்டு இல்லாவிட்டால் இல்லாத சரக்கை இரண்டு பேருக்கு விற்றுவிடுவோம். பூட்டை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சில பில்லிங் மென்பொருள்கள், பில்லைத் திறந்தவுடனே எண்ணை எடுத்துப் பூட்டிவிட்டு, பணம் வாங்கி பிரிண்ட் எடுத்த பிறகே பூட்டைத் திறக்கின்றன. வாடிக்கையாளர் பர்ஸைத் தேடுகிறார், பிரிண்டரில் காகிதம் தீர்ந்துவிட்டது, பையன் கடைசி நேரத்தில் "ரெண்டு கிலோ ரவையையும் சேத்துக்குங்க" என்கிறான். இத்தனை நேரமும் மற்ற கவுண்டர்கள் வாசலில் நிற்கின்றன.

ஓசூரில் ஒரு கடையில் நடந்தது

நமக்கு நெருக்கமான ஒரு மொத்த மளிகை வியாபாரி, பெயர் வேண்டாம். ஆறு கவுண்டர். வருட விற்பனை 5 கோடியைத் தாண்டியவர். ஆகவே 2023 ஆகஸ்ட் 1 முதல், ஜி.எஸ்.டி. எண் உள்ள வாடிக்கையாளருக்குப் போடும் ஒவ்வொரு பில்லுக்கும் அரசு இணையதளத்தில் இ-இன்வாய்ஸ் எண் வாங்க வேண்டியவர். அன்றுமுதல் மாலை 6 மணிக்கு மேல் எல்லாக் கவுண்டரும் ஒன்றாக நிற்பதும் ஒன்றாக ஓடுவதுமாக இருந்தது. அத்திப்பள்ளிக்குப் போக வேண்டிய வண்டி சரக்கை ஏற்றிக்கொண்டு பில்லுக்காக வாசலில் நிற்கும். பத்து வருட வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணே, நீங்க கம்ப்யூட்டரச் சரி பண்ணுங்க, நான் அப்புறம் வர்றேன்" என்று சொல்லிப் போனவர், பக்கத்துக் கடையிலேயே தங்கிவிட்டார்.

விற்பனையாளர் ஒருவர் வந்து பார்த்து, பழைய 4 கோர் சர்வர் போதாது என்று சொல்லி, இரண்டு சிப், சிப்புக்கு 16 கோர், ஆக 32 கோர், 64 ஜி.பி. நினைவகம் என்று பெரிய சர்வரைக் கொண்டுவந்து வைத்தார். பூஜை போட்டு ஓட்டினார்கள். முதல் நாள் மாலை 6 மணி. பழையபடியே நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்துவந்தார்கள். நாமும் உடனிருந்தோம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு அவர், "ஐயா, உங்க மென்பொருள் நாலு கோரைத்தான் தொடுது. இருபத்தெட்டு சும்மா உக்காந்திருக்கு" என்றார். அந்தப் பில்லிங் மென்பொருள் உபயோகிக்கும் தரவுத்தளம் மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பு. அதன் 2019, 2022 பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜி.பி.க்கு மேல் வளர முடியாது. ஒரு சிப் அல்லது 4 கோர், இதில் எது குறைவோ அதற்குமேல் பயன்படுத்தாது. தரவை வைத்துக்கொள்ள நினைவகத்தில் சுமார் 1,410 எம்.பி.க்கு மேல் எடுக்காது. அதாவது 64 ஜி.பி. நினைவகத்திலும் பெரும்பகுதி சும்மா! 32 ஆளைச் சம்பளத்துக்கு வைத்து 28 பேரைத் திண்ணையில் உட்கார வைத்த கதை. நம் வட்டாரக் கடைகளில் இந்த இலவசப் பதிப்பு பரவலாக ஓடுகிறது. விலைப்பட்டியல் கொடுக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்டு பதிப்புக்கு மாறினால்? கோர் கணக்கில் உரிமம் வாங்குவதானால் சிப்பில் உள்ள எல்லாக் கோருக்கும் வாங்க வேண்டும். இரண்டிரண்டு கோராகக் கட்டிவைத்து விற்கிறார்கள். 32 கோருக்கு 16 கட்டு. அப்படி வாங்கினாலும் 2022 ஸ்டாண்டர்டு பதிப்பு 24 கோருக்கு மேல் தொடாது. பெரிய சர்வர் வாங்குவது யானை வாங்குவது போல. தீனி தனிக் கணக்கு. போஸ்ட்கிரஸ், மை எஸ்.க்யூ.எல். போன்றவற்றின் இலவசப் பதிப்புகளுக்கு இந்தக் கோர் வரம்பு இல்லை. ஆனால் நம் மென்பொருள் எதில் எழுதப்பட்டதோ அதில்தான் ஓடும்.

அந்த இளைஞர் அத்துடன் விடவில்லை. நாலு கோரும்கூட முழுதாக வேலை செய்யவில்லை என்று காட்டினார். பிறகு ஏன் நிற்கிறது? மென்பொருள் பில் எண்ணையும் சரக்கு வரிகளையும் பூட்டிவிட்டு, அந்தப் பூட்டோடே அரசு இணையதளத்துக்குப் போய் இ-இன்வாய்ஸ் எண் கேட்டுக் காத்திருந்தது. பதில் ஒரு விநாடியில் வந்தால் சரி. இணையம் மந்தமாகி இருபது விநாடி ஆனால், கடை முழுவதும் இருபது விநாடி நிற்கும். 500 ரூபாய்க்குச் சாமான் வாங்கிய வீட்டுக்காரருக்கு இ-இன்வாய்ஸே தேவையில்லை. அவரும், முன்னால் போன மொத்த வியாபாரியின் எண் வரும் வரை நிற்க வேண்டியிருந்தது!

மென்பொருள்காரரை வரவழைத்து மூன்று மாற்றம் கேட்டார்கள். பில்லை முதலில் பதிந்து பூட்டைத் திறந்துவிட வேண்டும். அதன் பிறகு அரசு எண்ணை வாங்கி, அது வந்ததும் பிரிண்ட் எடுக்க வேண்டும். கவுண்டருக்கு ஒரு தொடர் எண் வேண்டும். பெரிய அறிக்கைகள் கடை மூடிய பிறகே ஓட வேண்டும். முதலில் தயங்கியவர் இரண்டு வாரத்தில் செய்து கொடுத்தார். சோதனைக்காகப் பழைய 4 கோர் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். மாத முதல் வாரக் கூட்டத்திலும் நிற்காமல் ஓடிற்று.

டிஸ்க்கும் அறிக்கையும்

நம் முன்னோர் வியாபாரம் நடக்கும்போதே சிட்டையில் எழுதிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார்கள். தரவுத்தளமும் அப்படியே. முதலில் ஒரு சிட்டையில் வரிசையாக எழுதி, அது டிஸ்க்கில் பதிந்தது என்று உறுதியான பிறகே "பில் முடிந்தது" என்று சொல்லும். பேரேட்டுக்கு ஏற்றுவது பிறகு நடக்கும். மின்சாரம் போனாலும் சிட்டை இருந்தால் கணக்கு போகாது. நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். 60 உருப்படி உள்ள பில்லை, மென்பொருள் ஒவ்வொரு உருப்படியாகத் தனித்தனியே பதிந்தால், அதற்கே அரை விநாடி போய்விடும். ஆறு கவுண்டருக்கும் டிஸ்க் ஒன்றுதான் என்பதை மறக்க வேண்டாம். மொத்த பில்லையும் ஒரே பதிவாகப் பதிந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். சுற்றாத எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் குறையும். ஆனால் மின்சாரம் திடீரென்று போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்க மின்தேக்கி உள்ள, சர்வருக்கென்று செய்த எஸ்.எஸ்.டி.யாகக் கேட்டு வாங்க வேண்டும். யு.பி.எஸ். இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். வேகத்துக்காக சிட்டைப் பதிவையே தளர்த்தி வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரைக் கல்லாப் பக்கம் விடாதீர்கள்.

அறிக்கை விஷயம் சிறிது. ஜி.எஸ்.டி.ஆர்.-1 மாதம் 11-ஆம் தேதிக்குள். ஆகவே கணக்குப்பிள்ளை 8, 9, 10 தேதிகளில் மாத விற்பனை முழுவதையும் இழுத்துப் பார்க்கிறார். சம்பளக் கூட்டம் அப்போதும் முழுதாக ஓய்ந்திருக்காது. சில தரவுத்தளங்களில், படிப்பவர் படித்து முடிக்கும் வரை எழுதுபவர் காத்திருக்க நேரும். எஸ்.க்யூ.எல். சர்வரில் இதைத் தவிர்க்க ஓர் அமைப்பு 2005 பதிப்பிலிருந்தே இருக்கிறது. மென்பொருள்காரர் அதைப் போட்டுக் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் இயல்பாகவே படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை. அதுபோல, வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் வர நேரமாகிறது என்றால் பெரும்பாலும் அகரவரிசைப் பக்கம் இல்லாத பேரேடுதான் காரணம். இன்டெக்ஸ் போட்டால் தீரும். கோர் போட்டுத் தீர்க்க வேண்டியதன்று. டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் தமக்கென்று தனித் தரவு முறை வைத்திருப்பதால், மேலே சொன்ன பதிப்பு வரம்புகள் அவற்றுக்குப் பொருந்தா.

பல கோர் யாருக்கும் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் என்று பல கிளைகளை ஒரே சர்வரில் வைத்து, ஊர் ஊராய்ப் போகும் விற்பனைப் பையன்கள் நூறு பேர் கைபேசியில் ஆர்டர் போடும் ஏஜென்சிகளுக்கு அது வேலை செய்யும். அங்கே வேலை இயல்பாகவே பல மூட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவர்களும்கூட, ஒரே சிப்பில் வேண்டிய கோர் கிடைத்தால் இரண்டு சிப் சர்வருக்குப் போகாமலிருப்பது நல்லது. இரண்டு சிப் என்றால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதனதன் நினைவகம்; ஓசூரில் ஒரு குடோன், கிருஷ்ணகிரியில் ஒரு குடோன் வைத்த மாதிரி. சரக்கு அந்தக் குடோனில் இருந்தால் எடுத்துவர நேரம் கூடும்.

சர்வர் வாங்க நினைக்கும் உறுப்பினர்கள், வாங்குமுன் கூட்டமான ஒரு மாலையில் இதைச் செய்து பாருங்கள். சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒவ்வொரு கோரும் தனித்தனிக் கட்டமாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்: 16 கோரில் ஒன்று மட்டும் மூச்சுத் திணறி ஓடினாலும் மொத்தம் 6 சதவீதம் என்றுதான் காட்டும். எல்லாக் கட்டமும் நிரம்பி நின்றால் கோர் போதவில்லை, வாங்கலாம். ஒன்று மட்டும் நிரம்பி மற்றவை காலியாக இருந்தால், கோர் குறைவாக இருந்தாலும் வேகம் அதிகமுள்ள சிப் வேண்டும், அல்லது இன்டெக்ஸ் வேண்டும். எல்லாமே காலியாக இருந்தும் பில் நின்றால் பூட்டிலோ டிஸ்க்கிலோ இணையத்திலோ வரிசை நிற்கிறது. அப்போது கூப்பிட வேண்டியவர் மென்பொருள்காரர்.

அப்படியும் சர்வர் வாங்குவதென்று முடிவானால், ஆர்டரில் கோர் எண்ணிக்கையோடு இன்னொரு வரியையும் எழுதி வாங்குங்கள்: நம் கடையில், நம் மென்பொருளில், மாத முதல் வாரம் மாலை 6 முதல் 8 மணி வரை, எல்லாக் கவுண்டரும் ஓடும்போது ஒரு பில்லுக்கு இத்தனை விநாடி, அது வராவிட்டால் பதினைந்து நாளுக்குள் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். இந்த வரியை எழுத மறுத்த விற்பனையாளர்கள் இருவரை நாம் பார்த்தோம். எழுதிக் கொடுத்த ஒருவர், சர்வரைக் கொண்டுவருமுன் தாமே கடைக்கு வந்து இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்துவிட்டு, 8 கோர் உள்ள ஒற்றைச் சிப் இயந்திரம் போதும் என்று சொல்லிப் போனார்.